பழைய யந்திரமும் பழகிய கைகளும்

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான்; சுழி பார்க்கிறான்; நாலடி நடக்கவிட்டுப் பார்க்கிறான். நிலம் வாங்கப் போகிறவன் வில்லங்கம் பார்க்கிறான். ஆனால், பிறர் பல ஆண்டுகள் ஓட்டிக் களைத்த ஓர் அறுவடை யந்திரத்தை வாங்கப் போகிறவன் எதைப் பார்க்க வேண்டும்? அதன் பல் எங்கே இருக்கிறது? அதன் வில்லங்கம் எந்தச் சர்க்கார் அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது?

காவிரிப் படுகையில் வாழும் நேயர்களுக்கு இது வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. குறுவைக் கதிர் சாயும் பருவமும் வடகிழக்குப் பருவமழை இறங்கும் பருவமும் ஒன்றையொன்று துரத்திக் கொண்டு வருகின்றன. அந்த இடைவெளியில் ஒரு யந்திரம் நல்ல நிலையில் கைவசம் இருப்பதற்கும் இல்லாமற் போவதற்கும் உள்ள வித்தியாசம், ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சோறு. திருவாரூர் ஜில்லாவில் நாம் ஆசிரியராக இருக்கும் கிராமத்தில், ஒன்பது குடும்பத்தார் கூடி அப்படி ஒரு கிழட்டு யந்திரத்தை 2022-ஆம் ஆண்டுக் கோடையில் வாங்கினார்கள். யந்திரத்தின் கைப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தபடியால், அதைத் தமிழில் எழுதித் தருவதும் வரவு செலவுக் கணக்கை வைத்திருப்பதும் நம் தலையில் வந்து சேர்ந்தன. அந்தக் காரியத்தில் நாம் கண்டதையும் கற்றதையும் இங்கே எழுதுகிறோம்.

ஒரு பெட்டிக்குள் ஒரு களம்

முதலில், இந்த யந்திரம் இன்னதென்று தெரிந்து கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் இதற்குக் 'கம்பைன்' என்று பெயர். பல வேலைகளை ஒன்று சேர்த்தது என்பது அதன் பொருள். நம் முன்னோர் ஒரு வயலை அறுத்து நெல்லாக்குவதற்குச் செய்த வேலைகளை எண்ணிப் பாருங்கள்: அரிவாளால் அறுத்தல், அரிகளைச் சேர்த்துக் கட்டுதல், களத்துக்குச் சுமத்தல், தலையடி அடித்தல், மாடு பூட்டிப் போரடித்தல், வைக்கோலை உதறுதல், முறத்தில் வாரிக் காற்றில் தூற்றுதல், பதரைப் பிரித்தல். இத்தனையும் சேர்த்தால் ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 20 ஆட்களின் ஒரு நாள் உழைப்பு ஆகும். இவ்வளவையும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடக்கி, அதற்குக் கால் கொடுத்து வயலுக்குள் நடக்க விட்டால் அதுதான் கம்பைன்.

அமெரிக்காவில் மிச்சிகன் பிரதேசத்தைச் சேர்ந்த ஹைரம் மூர் என்பவர் 1836-ல் இப்படிப்பட்ட யந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதை இழுப்பதற்கு ஒரு பெரிய குதிரைக் கூட்டமே வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் ஹியூ மெக்கே என்னும் இளைஞர் 1880-களின் நடுவில் தம் பண்ணைக் கொட்டகையில் கதிரைக் கொய்து, அடித்து, தூற்றும் யந்திரத்தை உருவாக்கினார். பிற்காலத்தில் யந்திரம் தானே நடக்கத் தொடங்கியது. 1944-ல், யுத்தத்தின் நெருக்கடியில் ஆளும் இல்லை, இரும்பும் இல்லை என்றிருந்த சமயத்தில், கனடாவின் மாஸ்ஸி-ஹாரிஸ் கம்பெனி 500 யந்திரங்களைச் செய்து அமெரிக்காவின் தெற்கு மூலையில் இறக்கியது. கோதுமை முற்றமுற்ற அவை வடக்கே வடக்கே நகர்ந்து, ஒரே பருவத்தில் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் அறுத்துத் தீர்த்தன. ஒரு வயலுக்கு ஒரு யந்திரம் என்றிருந்தால் இது நடந்திராது. விளைச்சலைப் பின்தொடர்ந்து யந்திரம் பிரயாணம் செய்ததே அதன் ரகசியம்.

நம் நாட்டில் பஞ்சாப் டிராக்டர்ஸ் கம்பெனியின் 'ஸ்வராஜ்' கம்பைன் 1980-ல் வெளிவந்தது. அதன்பின் பஞ்சாபின் சிறு நகரங்களில் பட்டறைகள் பெருகின. பஞ்சாபிய ஓட்டுநர்கள் கோதுமை அறுவடை முடிந்ததும் தங்கள் யந்திரங்களுடன் மற்ற மாகாணங்களுக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். நம் டெல்டாவுக்கோ சேலம், பெரம்பலூர்ப் பக்கங்களிலிருந்தும் யந்திரங்கள் வருகின்றன.

ஆனால் நெல் வேறு, கோதுமை வேறு. கோதுமை காய்ந்த நிலத்தில் காய்ந்த தாளுடன் நிற்கிறது. நெல்லோ சேற்றில், பச்சைத் தாளுடன் நிற்கிறது. ஆகவே நம் வயலுக்கு ஏற்றது ரப்பர்ச் சங்கிலியின் மேல் ஊரும் 'செயின் வண்டி'. காய்ந்த சம்பா வயலுக்கு 'டயர் வண்டி' போதும். குறுவைச் சேற்றில் அது புதைந்து விடும். நெல்லை அடிக்கும் உருளையிலும் கோதுமைக்குரிய வரிச் சட்டங்களுக்குப் பதிலாக முளைக்குச்சி போன்ற இரும்புப் பற்கள் வரிசையாக இருக்கும். பழைய யந்திரத்தின் பல் எங்கே என்று கேட்டோமல்லவா? அது இங்கேதான் இருக்கிறது!

பழையது ஏன்?

புதிய செயின் வண்டி 20 லட்ச ரூபாய்க்கு மேல் ஆகிறது. நம் ஒன்பது குடும்பத்தாருக்கும் சேர்த்து மொத்த நிலமே 34 ஏக்கர். இத்தனை சிறு நிலத்துக்கு யந்திரம் வாங்குவது பேராசை அல்லவா என்று கேட்கலாம். நாமும் அப்படித்தான் கேட்டோம். பெரியவர் ஒருவர் சொன்ன பதில் இது:

"வாத்தியார் ஐயா, வாடகை வண்டி வராமலா இருக்கிறது? வரும். ஆனால் பெரிய பண்ணைக்கு முதலில் போகும். சாலையோரத்து வயலுக்கு இரண்டாவது போகும். உள்ளடங்கிய எங்கள் வயலுக்கு மூன்றாவது வரும். அதற்குள் மழை முதலில் வந்துவிடும்."

வேளாண்மைப் பொறியியல் துறையும் மணிக் கணக்கில் வாடகைக்கு யந்திரம் தருகிறது. எனினும், எல்லா வயலும் ஒரே வாரத்தில் முற்றும்போது எந்தத் துறையின் யந்திரந்தான் எல்லோருக்கும் போதும்? முற்றிய கதிர் மழையில் சாய்ந்தால் நெல் முளைக்கிறது. ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எளிதில் ஏற்பதில்லை. ஈரப்பதம் 100-க்கு 17-க்குள் இருக்க வேண்டுமென்பது விதி. மழைக்காலத்தில் சில ஆண்டுகளில் சர்க்கார் அதைத் தளர்த்துவதுண்டு. ஆனால், தளர்த்தும் உத்தரவு வருகிற வரையில் நெல் சாலையோரத்தில் கிடக்கும்.

ஆகவே தங்கள் 34 ஏக்கரை முதலில் அறுத்துக்கொண்டு, பிறகு அக்கம்பக்கத்துச் சிறு வயல்களுக்கு வாடகைக்கு விடுவதென்று முடிவு செய்தார்கள். சிலர் கைப்பொருளைப் போட்டார்கள். இரண்டு வீடுகளில் நகை அடகுக் கடைக்குப் போயிற்று. எட்டு ஆண்டுகள் ஓடிய ஒரு செயின் வண்டி 6 லட்ச ரூபாய்க்குப் படிந்தது.

வர்ணத்தைப் பார்க்காதே

யந்திரம் கிடைத்தது மேற்கு ஜில்லா ஒன்றில், ஒரு தரகரிடம். அதற்கு முன் நான்கு யந்திரங்களைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வந்தார்கள். அந்த நான்கில் இரண்டு, கல்யாணப் பெண் போலப் புது வர்ணம் பூசிக்கொண்டு நின்றன. பழைய யந்திரத்தில் புது வர்ணம் ஒரு நல்ல அடையாளமன்று. அதன் கீழே வெடிப்பை ஒட்டிய பற்றுவைப்பு இருக்கலாம், துருவே இருக்கலாம். தூசியோடு நிற்கும் யந்திரம் தன் வயதை மறைப்பதில்லை.

மணி காட்டும் கருவியையும் நம்பக் கூடாது. அதைக் கழற்றி மாற்றுவது ஒரு நாழிகை வேலை. மாற்ற முடியாத சாட்சிகள் வேறு இருக்கின்றன. நெல்லின் உமியில் சிலிக்கா என்னும் மணற்சத்து நிறைந்திருக்கிறது. உமியை எரித்துக் கிடைக்கும் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு அதுதான். ஆகவே நெல் ஓடும் வழியெல்லாம் இரும்பு தேய்கிறது, அரத்தால் ராவியது போல. நெல்லை மேலே தூக்கும் குழாயின் அடித்தகட்டைத் தட்டிப் பாருங்கள். காகிதம் போல ஒலித்தால் யந்திரம் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. கதிரை உள்ளே தள்ளும் திருகின் விளிம்பை விரலால் தடவினால், கத்தி போல மெலிந்திருக்கிறதா என்று தெரியும். உருளையின் பற்கள் கதிரில் மோதும் பக்கம் மழுங்கியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உருளையைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் 'கடகட'வென்று ஆடக் கூடாது.

எஞ்சினைப் பார்க்கப் போகும்போது, கிளப்புவதற்கு முன் அதன்மேல் கைவைத்துப் பார்க்க வேண்டும். நாம் வருவதற்கு முன்பே சூடேறியிருந்தால், குளிர்ந்த நிலையில் அது எளிதில் கிளம்பாதென்று பொருள் கொள்ளலாம். ஓடும்போது நீலப் புகை வந்தால் எண்ணெயைத் தின்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து போயின. எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அங்கிருந்து திரும்பி விடுவதே மேல்.

ரப்பர்ச் சங்கிலியில் வெடிப்பு இருக்கத்தான் செய்யும். வெடிப்பினூடே உள்ளிருக்கும் எஃகு நூல் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. சங்கிலியை இழுக்கும் பற்சக்கரத்தின் பற்கள் கொக்கி போல வளைந்திருந்தால் புதுச் சங்கிலியையும் அவை தின்றுவிடும். சங்கிலி விலையுயர்ந்த உறுப்பு. பேரம் பேசும்போது அதன் விலையை மனத்தில் வைத்தே பேச வேண்டும்.

கடைசியாக, காகிதங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் யந்திரத்தில் பொறித்திருப்பவற்றோடு ஒத்திருக்க வேண்டும். பாங்கிக் கடன் அடைந்துவிட்டதற்கு அத்தாட்சிக் கடிதம் வேண்டும். கடன் தீராத யந்திரத்தை வாங்குகிறவன் பிறருடைய கடனையும் சேர்த்து வாங்குகிறான்.

இத்தனையும் பார்த்து வாங்கியும் தரகர் ஒன்றை மறைத்துவிட்டார். அது பின்னர்த் தெரிந்தது.

கழற்றும் கலை

யந்திரம் ஊருக்கு வந்து, கோயில் குளத்துக்கு எதிரே தென்னங்கீற்றுக் கொட்டகையில் நின்றது. பழுது பார்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவன் நம் பழைய மாணவன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பிறருடைய அறுவடை யந்திரங்களில் முதலில் உதவியாளாகவும் பின்னர் ஓட்டுநராகவும் ஆறு ஆண்டுகள் வேலை செய்தவன். அவன் தாயார் அதே ஊரில் அறுவடைக் கூலியாக இருந்தவர்.

அவன் முதலில் ஸ்பானரைத் தொடவில்லை. மூன்று நாட்கள் கழுவினான். காய்ந்த சேறு, அழுகிய வைக்கோல், இரண்டு எலிக்கூடுகள், மூன்று வகை நெல் எல்லாம் வெளியே வந்தன. "சார், அழுக்கோடு பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். கழுவின பிறகுதான் வெடிப்புத் தெரியும்" என்றான்.

பிறகு கழற்றத் தொடங்கினான். கழற்றுவதற்கு முன் ஒவ்வோர் இடத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டான். ஒவ்வோர் உறுப்பின் ஆணிகளுக்கும் ஒரு தகர டப்பா. டப்பாவின்மேல் பெயர் எழுதிய காகிதம். நம் வேலை, கைப்புத்தகத்தில் அந்த உறுப்புக்குரிய பக்கத்தைப் பார்த்து, எவ்வளவு இடைவெளி வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி டப்பாவில் ஒட்டுவது. ஒரு மாதத்தில் கொட்டகை மருந்துக்கடை போலாயிற்று!

முன்புறத்து வெட்டுச் சட்டத்திலிருந்து வேலை ஆரம்பமாயிற்று. அதில் முக்கோணக் கத்திகள் 3 அங்குலத்துக்கு ஒன்றாகத் தறைந்திருக்கும். மழுங்கியவற்றின் தறையாணியை வெட்டியெடுத்துப் புதியவற்றைத் தறைந்தான். கத்தி தனியே வெட்டுவதில்லை. கீழே நிற்கும் தகட்டோடு சேர்ந்து கத்தரிக்கோல் போல வெட்டுகிறது. ஆகையால் கத்தியை மட்டும் மாற்றித் தகட்டை விட்டுவிட்டால் தாள் அறுபடாமல் மடிந்துகொள்ளும்.

அடுத்தது வார்கள். ஒரே சக்கரத்தில் இரண்டு வார்கள் ஓடினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று பழையதும் ஒன்று புதியதுமாக இருந்தால் புதியதே முழுச் சுமையையும் இழுத்துச் சீக்கிரம் அறுந்துவிடும். இரு சக்கரங்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்க அவன் ஒரு நூலைப் பிடித்தான். கொத்தனார் சுவரைப் பார்க்கும் அதே முறைதான்!

எரிபொருள் தெளிக்கும் முனைகள் பட்டணத்துக்குப் போய்ச் சோதிக்கப்பட்டுத் திரும்பின. ரேடியேட்டரின் இடுக்குகளில் அடைந்திருந்த தூசியை உள்ளிருந்து வெளிப்புறமாக ஊதி எடுத்தான். அறுவடைக் காலத்தில் யந்திரம் கொதித்து நிற்பதற்கு மூல காரணம் பெரும்பாலும் இந்த அடைப்புத்தான். அடைந்த வைக்கோல் தூசி சூடான புகைக்குழாயில் பட்டால் யந்திரமே தீப்பற்றக்கூடும். எனவே தீயணைக்கும் குப்பி ஒன்றும் வாங்கி மாட்டினார்கள்.

ஆவணி மாதம் பாதி கடந்தது. வயலில் குறுவை பூத்துக் கதிர் வாங்கிவிட்டது. அப்பொழுதுதான் தரகர் மறைத்த விஷயம் வெளிப்பட்டது. கதிரடிக்கும் உருளையை வெளியே எடுத்துப் பார்த்தால், பேரிங் உட்காரும் இடத்தில் தண்டு தேய்ந்திருக்கிறது. அந்தத் தேய்வின்மேல் மெல்லிய தகரத்தைச் சுற்றி யாரோ ஆட்டத்தை மறைத்திருக்கிறார்கள். வாங்கும்போது உருளை ஆடாமல் நின்றதற்குக் காரணம் அந்தத் தகரந்தான்.

அன்று மாலை கொட்டகையில் ஒருவரும் பேசவில்லை. புது உருளை வரவழைக்கப் பணமும் இல்லை, நாளும் இல்லை. நகை அடகு வைத்திருந்த ஒருவர், வந்த விலைக்கு யந்திரத்தை விற்றுவிடலாமென்றார். இன்னொருவர், தகரத்தை மறுபடி சுற்றி இந்த ஒரு பருவத்தை ஓட்டிவிடலாமென்றார். இளைஞன் அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. "ஐயா, இந்த உருளை நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான சுற்று சுற்றும். தண்டு முறிந்தால் பற்கள் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மேலே உட்கார்ந்திருப்பவன் நான்" என்றான்.

அதன்பிறகு விவாதம் இல்லை. தண்டைக் கடைசல் பட்டறைக்கு எடுத்துப் போனார்கள். தேய்ந்த இடத்தில் உலோகத்தை ஏற்றிப் பற்றவைத்து, மீண்டும் பழைய அளவுக்குக் கடைந்தார்கள். மழுங்கிய பற்களை மாற்றும்போது ஒரு பல்லை மாற்றினால் அதற்கு நேர் எதிரே உள்ள பல்லையும் மாற்றினான். இல்லாவிட்டால் ஒரு பக்கம் பாரம் ஏறி யந்திரம் முழுவதும் நடுங்கும். பிறகு, சமமாக நிறுத்திய இரண்டு இரும்புத் தண்டவாளங்களின்மேல் உருளையை வைத்து உருட்டி விட்டான். கனமான பக்கம் தானே கீழே வந்து நிற்கும். எந்தப் பக்கம் நிறுத்தினாலும் அது அசையாமல் நிற்கிறவரையில் இரண்டு நாட்கள் அதனோடு போராடினான். தராசு முள்ளைப் பார்க்கும் பொற்கொல்லனின் பொறுமையை அன்று நாம் அவனிடம் கண்டோம்.

சுருதி சேர்த்தல்

பழுது தீர்ந்தால் யந்திரம் வேலைக்கு ஆயத்தமென்று எண்ணலாகாது. தந்தி மாற்றிய வீணைக்குச் சுருதி சேர்க்க வேண்டாமா? முதல் வயலில் இருபது கஜம் ஓட்டி நிறுத்தினார்கள். இளைஞன் மண்டியிட்டு, யந்திரத்தின் பின்னே விழுந்த வைக்கோலைக் கையால் விலக்கி, மண்ணில் கிடந்த நெல்லைப் பார்த்தான். நெல் நிறையக் கிடந்தது.

இங்கே ஒரு சிறு சாஸ்திரம் இருக்கிறது. பின்னே விழுந்த வைக்கோலின் கதிரிலேயே நெல் ஒட்டியிருந்தால் உருளை மெதுவாகச் சுற்றுகிறது. அல்லது உருளைக்கும் கீழேயுள்ள சல்லடைக் கூடைக்கும் இடைவெளி அதிகம். தொட்டியில் விழும் நெல் உடைந்தும் உமி உரிந்தும் இருந்தால் உருளை மிக வேகம். தொட்டியில் பதரும் தூசியும் மிகுந்தால் விசிறியின் காற்றுப் போதாது. நல்ல நெல்லே பின்னால் பறந்தால் காற்று அதிகம். முறம் பிடித்த நம் பாட்டிமார் காற்றின் போக்குப் பார்த்துத் தூற்றினார்களே, அதே அறிவுதான் இது.

முக்கியமான விதி ஒன்றுண்டு: ஒரு தடவைக்கு ஒன்றையே மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது குணம் தந்தது என்று தெரியாது. விசிறியைக் குறைத்தார்கள்; பாதி நஷ்டம் நின்றது. பிறகு நடையின் வேகத்தைக் குறைத்தார்கள். மீதியும் பெரும்பாலும் நின்றது.

ஒவ்வொரு தடவையும் எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே இளைஞன் உள்ளே கைவிட்டான். ஓடும் யந்திரத்தில் சிக்கிய வைக்கோலை இழுக்கப் போய்க் கையிழந்தவர்கள் உண்டு. கழற்றிய மறைப்புத் தகடுகளை 'வேலைக்கு இடைஞ்சல்' என்று ஒதுக்கிப் போடாமல் ஒவ்வொன்றையும் திரும்பப் பூட்டச் செய்தார்கள்.

மழை வருவதற்குள் 27 ஏக்கர் அறுவடையாயிற்று. எஞ்சிய 7 ஏக்கர் மழையில் சாய்ந்தது. சாய்ந்த கதிரைச் சாய்ந்த திசைக்கு எதிரே வந்து, மெதுவாக, தாழ்வாக அறுக்க வேண்டும். வழக்கம்போல் மணிக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர் என்பது அங்கே நடக்கவில்லை. அரை ஏக்கர்கூட ஆகவில்லை. ஆனாலும் அந்த நெல்லும் வீடு வந்து சேர்ந்தது.

அரிவாள் பிடித்த கை

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்றை எழுதாமல் விட்டால் நியாயமாகாது. ஓர் ஏக்கருக்கு 20 ஆட்களின் வேலை என்று சொன்னோம். அந்த 20 ஆட்கள் எங்கே போனார்கள்? ஒரு காலத்தில் அறுவடைக் கூலியாக அளந்து வாங்கிய நெல்தான் பல குடும்பங்களுக்குப் பல மாதச் சோறு. அந்த வேலையைப் பழைய யந்திரமும் எடுத்துக்கொள்கிறது. புதிய யந்திரமும் எடுத்துக்கொள்கிறது. ஆள் கிடைக்கவில்லை என்று நிலமுடையவர் சொல்வதும் உண்மை. வேலை கிடைக்கவில்லை என்று கூலிக்காரர் சொல்வதும் உண்மை. இரண்டு உண்மைகளும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன.

இளைஞனின் தாயார் வரப்பில் நின்று தம் மகன் யந்திரம் ஓட்டுவதைப் பார்த்துக் கொண்டிருந்தார். நாம் அருகில் சென்றோம். "என் கையிலே இருந்த வேலையை இந்த வண்டிதான் சார் புடுங்கிக்கிச்சு. இப்போ எம் மவன் கையிலே குடுத்திருக்கு. ஒரு கைக்குத்தானே குடுத்திருக்கு, மத்த கையெல்லாம் என்ன செய்யும்?" என்றார்.

இதற்கு நம்மிடம் முழு விடை இல்லை. ஆனால் பாதி விடை ஒன்றை அந்த ஒன்பது குடும்பத்தாரும் கண்டார்கள். புதிய யந்திரம் வாங்கியிருந்தால் பணம் முழுவதும் வெளியூருக்குப் போயிருக்கும். பழையதை வாங்கியபடியால் பழுதுக்குச் செலவான பணத்தில் ஒரு பங்கு ஊரிலும் பக்கத்துப் பட்டணத்திலும் உள்ள கைகளுக்குக் கூலியாகப் போயிற்று. இரண்டு பையன்கள் அந்த இளைஞனிடம் வேலை பழகுகிறார்கள். சாய்ந்து மூலையில் கிடக்கும் கதிரையும், யந்திரம் திரும்ப முடியாத வரப்போரத்தையும் கையால் அறுப்பதற்கு அவ்வூர்ப் பெண்களுக்கே கூலி கொடுப்பதென்று தீர்மானம் எழுதினார்கள். சிறிய காரியந்தான், ஆனால் எழுதிக் கையெழுத்திட்ட காரியம்.

இன்னொரு பயனும் கண்டோம். வாடகை யந்திரம் வயலுக்கு வயல் செல்லும்போது பிறர் நெல்லையும் களை விதையையும் தன் வயிற்றில் சுமந்து வருகிறது. கழுவும்போது மூன்று வகை நெல் வந்ததென்றோமே, அவை அடுத்த வயலின் விதையில் கலந்திருக்கும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற பழைய ரகங்களை விதைக்காகப் பயிரிடுகிறவர்களுக்கு இது பெருங்கேடு. சொந்த யந்திரமாயின், விதை வயலை அறுப்பதற்கு முன் குழாய்களின் அடிமூடியைத் திறந்து துப்புரவாக ஊதிவிடலாம். வாடகைக்கு மணி எண்ணிக்கொண்டு நிற்கும் யந்திரத்தில் அதற்கு நேரமேது?

கணக்கு

விலை 6 லட்சம். பழுது 3 லட்சத்து 40 ஆயிரம். மொத்தம் 9 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். பழைய யந்திரம் வாங்குகிறவர் விலையில் பாதிக்குக் குறையாத தொகையைப் பழுதுக்கென்று தனியே ஒதுக்கி வைக்க வேண்டுமென்பது இந்தக் கணக்கு சொல்லும் பாடம். குறுவை, சம்பா இரண்டு பருவங்களிலும் சேர்த்துச் சுமார் 300 மணி நேரம் ஓடியது. தங்கள் வயலுக்கு மிச்சமான வாடகையையும் பிறரிடம் பெற்ற வாடகையையும் கூட்டி, டீசல், ஓட்டுநர் சம்பளம், உறுப்புச் செலவு எல்லாம் கழித்தபின் 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய் நின்றது. இதே போல ஓடினால் நான்காவது ஆண்டில் போட்ட முதல் திரும்பும். அடகுக்குப் போன நகைகளில் ஒரு வீட்டு நகை திரும்பிவிட்டது. மற்றொன்று இன்னும் திரும்பவில்லை.

ஆகவே, பழைய யந்திரம் மலிவு என்று எவரும் எண்ண வேண்டாம். புதியதை வாங்குகிறவன் பணத்தைக் கொடுக்கிறான். பழையதை வாங்குகிறவன் பணத்தோடு தன் உழைப்பையும் பொறுமையையும் கொடுக்கிறான். அந்த உழைப்பைத் தரக்கூடிய பழகிய கை ஊரில் இருந்தால் மட்டுமே பழையது இலாபம். கை இல்லாத ஊரில் அது வேப்பமரத்தடி இரும்புக் குப்பை.

பள்ளிக்கூடத்தில் நாம் கணக்கும் சரித்திரமும் கற்றுக் கொடுக்கிறோம். ஒரு யந்திரத்தைப் பிரித்து, அதன் நோயைக் கண்டு, தகரம் சுற்றி மறைக்காமல் தீர்க்கும் கல்வியை நாம் எங்கே கற்றுக் கொடுக்கிறோம்? ஒரு தேசம் எத்தனை யந்திரங்களை வாங்கியது என்பது அதன் செல்வத்தைக் காட்டும். வாங்கியவற்றில் எத்தனையைத் தன் கையாலேயே ஓட வைத்துக் காப்பாற்றுகிறது என்பதுதான் அதன் திறமையைக் காட்டும்.

யந்திரத்தின் இருக்கைக்குப் பின்னே இப்பொழுது ஒரு கோடிட்ட நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. எந்த நாளில் எண்ணெய் மாற்றினார்கள், எந்த வார் அறுந்தது, எந்தப் பல் தேய்ந்தது எல்லாம் தமிழில், தேதியோடு அதில் எழுதப்பட்டிருக்கின்றன. உருளைத் தண்டில் உலோகம் ஏற்றிக் கடைந்த விவரமும் மறைக்காமல் எழுதப்பட்டிருக்கிறது. என்றாவது ஒரு நாள் இந்த யந்திரத்தை மூன்றாவது மனிதர் ஒருவர் வாங்க வந்தால், அவர் தகட்டைத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் போதும்.